1390-ஆவதாகக் கூப்பிட்ட பெயர்

தெருவில் கிரிக்கெட் ஆட ஆள் பிரிக்கும்போது கவனித்திருக்கிறீர்களா? இரண்டு கேப்டன்கள் எதிரெதிரே நிற்பார்கள். முதலில் கூப்பிடும் பெயர் எப்போதும் ஒன்றுதான்: சிக்ஸர் அடிக்கிற அந்த அண்ணன். அடுத்து, வேகமாகப் பந்து போடுகிறவன். அடுத்து, சொந்தமாக மட்டை வைத்திருப்பவன். அவனை விட்டால் ஆட்டமே நடக்காது. இப்படியே போய்க் கடைசியில் ஒருத்தன் மிஞ்சுவான். "இவன் ஒப்புக்குச் சப்பாணி, ரெண்டு பக்கமும் ஃபீல்டிங் பண்ணட்டும்" என்று சொல்லி விஷயத்தை முடித்துவிடுவார்கள். பல வருஷம் அந்தக் கடைசிப் பையன் நான்தான். அதனால் இன்றைக்குச் சொல்லப்போகும் கதையில் எனக்குக் கொஞ்சம் சொந்த அக்கறை உண்டு.

அமெரிக்காவில் இதே ஆள் பிரிக்கும் வேலையை 30 பேஸ்பால் அணிகள் வருஷா வருஷம், பெரும் பணத்தைச் செலவழித்துச் செய்கின்றன. 1965-இல் ஆரம்பித்த இந்த வழக்கத்துக்கு டிராஃப்ட் என்று பெயர். பள்ளியிலும் கல்லூரியிலும் ஆடும் பையன்களை அணிகள் வரிசையாக, முறை வைத்து எடுக்கும். முந்தைய ஆண்டு நிறையத் தோற்ற அணிகளுக்கு முன்னுரிமை. வேண்டுமென்றே தோற்கிற புத்திசாலிகள் வந்துவிடக் கூடாதே என்று, 2023-இலிருந்து முதல் ஆறு இடங்களை மட்டும் குலுக்கல் போட்டுத் தீர்மானிக்கிறார்கள்.

இந்த வரிசையில் முதல் ஆளாகப் போனால் பெரிய வீரர், கடைசியில் போனால் சாதாரண வீரர் என்றுதானே நினைப்போம்?

2016 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்ற சின்ன ஊரில் ஒரு விழா. பேஸ்பாலின் மிகப் பெரிய கௌரவமான 'ஹால் ஆஃப் ஃபேம்' பட்டியலில் இரண்டு பேரைச் சேர்த்தார்கள். ஒருவர் கென் கிரிஃபி ஜூனியர், 630 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தவர். 1987 டிராஃப்டில் எல்லாருக்கும் முதலாவதாக எடுக்கப்பட்டவர் அவர். பக்கத்தில் நின்றவர் மைக் பியாட்சா. நம் விக்கெட் கீப்பர் மாதிரி பேஸ்பாலில் 'கேட்சர்' என்று ஒருவர் உண்டு. அந்த இடத்தில் ஆடியவர்களில் அதிக ஹோம் ரன் அடித்தவர் இவர்தான். 1988 டிராஃப்டில் இவரை 62-ஆவது சுற்றில், 1390-ஆவது ஆளாக எடுத்தார்கள். அதுவும் எப்படி? டாட்ஜர்ஸ் அணியின் மேலாளர் டாமி லசோர்டா இவருடைய அப்பாவின் நண்பர். "நம்ம பையன், ஒரு பெயர் எழுதிக்கொள்ளுங்கள்" என்ற கணக்குதான். அசல் ஒப்புக்குச் சப்பாணி!

உடனே, "தேர்வு செய்தவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை" என்று தீர்ப்பு எழுதிவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஒரு சின்னச் சோதனை.

உங்கள் வகுப்பில் 30 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டுங்கள். எத்தனை தலை விழுந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலானோருக்கு நாலு, ஐந்து, ஆறு வரும். ஆனால் 30 பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ எட்டோ அதற்கு மேலோ தலை விழ வாய்ப்பு இருக்கிறது. அந்தப் பிள்ளை கையில் மந்திரமா இருக்கிறது? மறுபடி பத்து முறை சுண்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஐந்தின் பக்கம் இறங்கி வந்துவிடும்.

பேஸ்பால் வீரர் நாணயம் இல்லைதான். அவருக்குத் திறமை இருக்கிறது. ஆனால் திறமையோடு அதிர்ஷ்டமும் கலந்துதான் ஸ்கோர் வருகிறது. ஒரு பள்ளி ஆட்டக்காலத்தில் ஒரு பையன் ஆடுவது முப்பது ஆட்டம் இருந்தால் அதிகம். அதில் அவன் எடுத்த ஸ்கோரில் எவ்வளவு திறமை, எவ்வளவு அதிர்ஷ்டம் என்று பிரித்துப் பார்க்க முடியாமல்தான் எல்லா அணிகளும் தவிக்கின்றன. ஒரே ஒரு பியாட்சாவை வைத்து டாட்ஜர்ஸைப் புகழ்வதும், அவரை விட்ட மற்ற அணிகளைத் திட்டுவதும், எட்டுத் தலை விழுந்த பிள்ளைக்கு மாலை போடுவது போலத்தான்.

சரி, இந்தப் பையன்களைப் பார்க்கப் போகிறவர்கள் யார்? 'ஸ்கவுட்' என்று சொல்வார்கள். காரில் ஊர் ஊராகச் சுற்றி, வேலிக்குப் பின்னால் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து பள்ளி ஆட்டங்களைப் பார்ப்பது அவர்கள் பிழைப்பு. அவர்கள் போடும் மார்க் விசித்திரமானது. நமக்கு 0 முதல் 100 என்றால், அவர்களுக்கு 20 முதல் 80. இருபதுக்குக் கீழே எவ்வளவு மோசமாக ஆடினாலும் போக முடியாது. ஐம்பது என்றால், மேஜர் லீக் என்கிற உச்ச மட்டத்தில் ஆடும் வீரரின் சராசரி. அறுபது கிடைத்தால் நல்ல வீரர், எழுபது அபூர்வம், எண்பது தலைமுறைக்குச் சிலர். ஒரே திறமைக்கு இரண்டு மார்க் போடுவார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். இன்றைக்கு இவன் எவ்வளவு என்று ஒன்று. வளர்ந்தபின் எவ்வளவு ஆவான் என்று இன்னொன்று. முதல் மார்க்கை யார் வேண்டுமானாலும் போடலாம். இரண்டாவதுக்குத்தான் அவர்களுக்குச் சம்பளம்.

மட்டை பிடிக்கும் பையனிடம், அதாவது ஹிட்டரிடம், ஐந்து விஷயங்களைப் பார்ப்பார்கள்: பந்தைத் தொடுகிறானா, தூரமாக அடிக்கிறானா, ஓட்டம் எப்படி, எறியும் கை எப்படி, பிடிக்கும் கை எப்படி. பின்னால் இருக்கும் நாலும் கண்ணுக்குத் தெரியும். ஓட்டத்தைக் கடிகாரத்தில் அளந்துவிடலாம். முதல் கேள்விதான் வம்பு.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேஜர் லீக் பிட்சர் ஒருவர் மணிக்கு 153 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறார். வினாடிக்கு 42.5 மீட்டர். பிட்சர் நிற்கும் இடத்துக்கும் ஹிட்டருக்கும் இடையே 18.44 மீட்டர், ஆனால் பிட்சர் ஓர் எட்டு முன்னே எடுத்துவைத்து வீசுவதால் பந்து பறப்பது ஏறக்குறைய 16.5 மீட்டர்தான். வகுத்துப் பாருங்கள். 0.4 வினாடிகூட வராது! அதில் மட்டையைச் சுழற்றவே ஏறக்குறைய 0.15 வினாடி போய்விடும். மீதி நேரத்துக்குள், வருவது நேர்ப் பந்தா, வளைகிற பந்தா, விட வேண்டியதா, அடிக்க வேண்டியதா என்று மூளை முடிவு செய்ய வேண்டும். பள்ளி ஆட்டத்தில் இப்படிப்பட்ட பந்து அபூர்வம். மெதுவான பந்தைச் சுளுவாக விளாசுகிற பையன் இந்த வேகத்தில் என்ன செய்வான் என்று எந்த ஸ்கோர் புத்தகமும் சொல்லாது.

போதாததற்கு மட்டை வேறு ஏமாற்றும். பள்ளியிலும் கல்லூரியிலும் பெரும்பாலும் உலோக மட்டை. உள்ளே கூடாக இருப்பதால் பந்து பட்டதும் அதன் சுவர் லேசாக அமுங்கி, துள்ளுபலகை போலப் பந்தைத் திருப்பித் தள்ளும். தொழில்முறை ஆட்டத்தில் மர மட்டைதான். நடுவில் சரியாகப் படாவிட்டால் கை அதிரும், சமயத்தில் மட்டையே உடையும். அதனால்தான் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கடலோரத்தில் நடக்கும் கேப் காட் கோடைக்கால லீகுக்கு அவ்வளவு மவுசு. கல்லூரிப் பையன்கள் அங்கே 1985 முதல் மர மட்டையோடு ஆடுகிறார்கள். ஸ்கவுட்டுகளும் மூட்டை கட்டிக்கொண்டு அங்கே போய்விடுவார்கள்.

திறமையைக் கணிக்க முடியாமல் போவதற்கு ஊரும் ஒரு காரணம். இன்றைய பெரிய நட்சத்திரங்களில் ஒருவரான மைக் டிரவுட், நியூ ஜெர்சி மாநிலத்தின் மில்வில் என்ற ஊர்ப் பையன். அங்கே குளிர் அதிகம், ஆட்டக்காலம் குறைவு. கலிஃபோர்னியாவிலோ ஃபுளோரிடாவிலோ இருந்தால் வருஷம் முழுக்க ஆடியிருப்பார், நிறையப் பேர் பார்த்திருப்பார்கள். 2009-இல் 24 பெயர்கள் கூப்பிட்ட பிறகே அவர் முறை வந்தது. அவரைத் தொடர்ந்து கவனித்த ஸ்கவுட் கிரெக் மோர்ஹார்ட், டிரவுட்டின் அப்பாவோடு முன்பு ஒரே அணியில் ஆடியவர்!

இப்போது பிட்சருக்கு வருவோம். பிட்சரைப் பார்ப்பது சுலபம் என்று தோன்றும். போலீஸ்காரர் சாலையில் வண்டி வேகத்தை அளக்கிறாரே, அதே மாதிரி ரேடார் கருவியை நீட்டினால் எண் தெரிந்துவிடும். அந்த எண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டுக் கதையே இருக்கிறது. 2008-இல் ஓர் அமெரிக்க முகவர் இந்தியாவில் வேகமாகப் பந்து எறியும் போட்டி ஒன்று நடத்தினார். உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் மேலே வந்தார்கள். (இவர் கிரிக்கெட் ரிங்கு சிங் இல்லை, வேறொருவர்.) இருவரும் ஈட்டி எறிபவர்கள், அதுவரை பேஸ்பாலைத் தொட்டதில்லை. அமெரிக்கா போய் ஒரு வருஷத்துக்குள் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தம் போட்டார்கள், டிராஃப்ட் வழியாக இல்லாமல் நேரடியாகவே. அவர்கள் கதை 2014-இல் படமாக வந்தது, இசை ஏ.ஆர். ரஹ்மான். இருவரும் மேஜர் லீகை எட்டவில்லை. ஆனாலும் ஒரு வருஷம் முன்புவரை பந்தின் தையல்கூடத் தெரியாதவர்கள் அங்கே தொழில்முறை ஆட்டத்தில் பந்து வீசினார்கள் என்பதே பெரிய காரியம் என்பேன்.

வேகத்தோடு, நினைத்த இடத்தில் போடவும் வேண்டும். ஒரே மாதிரிக் கையசைப்பில் வேகமான பந்தும் மெதுவான பந்தும் வளைபந்தும் வர வேண்டும். இதையெல்லாம் கற்றுக்கொடுக்க முடியும். கற்றுக்கொடுக்கவே முடியாத ஒன்று இருக்கிறது. கை தாங்குமா?

உங்கள் உள்ளங்கையை மேலே பார்க்க நீட்டுங்கள். கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்துக்கொண்டு மணிக்கட்டை லேசாக உள்பக்கம் மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவே கயிறு மாதிரி ஒன்று புடைத்துக்கொண்டு தெரிகிறதா? அது ஒரு தசைநாண். சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது; பயப்பட வேண்டாம், இல்லாவிட்டாலும் கைக்கு ஒரு குறையும் வராது. இல்லாவிட்டாலும் குறையில்லாத இந்தக் கயிறுதான் எத்தனையோ பிட்சர்களின் பிழைப்பைக் காப்பாற்றியிருக்கிறது.

முழங்கையின் உள்பக்கத்தில் மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் சேர்த்துக் கட்டும் 'லிகமென்ட்' என்கிற நார் ஒன்று உண்டு. முழு வேகத்தில் வீசும் ஒவ்வொரு பந்துக்கும் அந்த நார் முறுக்கி இழுபடுகிறது. சுற்றியுள்ள தசைகள் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்வதால்தான் அது பிழைக்கிறது. நூறு முறை, ஆயிரம் முறை என்று இழுத்தால் ஒரு நாள் நைந்துபோகும். 1974-இல் டாமி ஜான் என்ற இடது கைப் பிட்சருக்கு அது அறுந்தது. அதுவரை அப்படி அறுந்தால் ஆட்டம் முடிந்த மாதிரிதான். டாக்டர் ஃபிராங்க் ஜோப், அவருடைய வலது முன்கையிலிருந்து இந்தத் தசைநாணை எடுத்து இடது முழங்கையில் நாராகப் பொருத்தினார். அதற்கு முன் 124 ஆட்டங்களில் வென்றிருந்த டாமி ஜான், அதற்குப் பிறகு 164 ஆட்டங்களில் வென்றார்! இன்றைக்கும் அந்த அறுவை சிகிச்சைக்கு அவர் பெயர்தான்.

பள்ளி வயதில் இன்னொரு சிக்கல். எலும்பு நுனிகள் இன்னும் முழுசாக இறுகியிருக்காது, குருத்தெலும்பாகவே இருக்கும். அதனால்தான் 11, 12 வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் வீசக் கூடாது என்று அங்கே வழிகாட்டி வகுத்திருக்கிறார்கள். (நம் தெரு வேகப்பந்து வீச்சாளர்களும் இதைக் காதில் போட்டுக்கொள்ளலாம்.)

ஆக, 18 வயதுப் பள்ளிப் பிட்சரை எடுப்பது, இன்னும் காய்க்காத மரத்தைப் பூவைப் பார்த்து விலை பேசுவது போல. 21 வயதுக் கல்லூரிப் பிட்சரின் கை மூன்று வருஷம் கூடுதலாகத் தாங்கியிருக்கிறது. அதுவே ஒரு தகவல். 1980-களில் பில் ஜேம்ஸ் என்ற எழுத்தாளர் பழைய டிராஃப்ட் பட்டியல்களை எடுத்து வைத்துக் கணக்குப் பார்த்தார். பள்ளிப் பையன்களைவிடக் கல்லூரிப் பையன்கள்தான் அணிகளுக்கு அதிகப் பலன் தந்திருந்தார்கள். ஆனால் அணிகள் பள்ளிப் பையன்களையே துரத்திக்கொண்டிருந்தன.

இந்தக் கணக்கை மதித்த அணி ஓக்லாண்ட். 2002-இல் அந்த அணிக்கு முதல் சுற்றிலும் அதை ஒட்டியும் ஏழு வாய்ப்புகள் கிடைத்தன. ஏழிலும் கல்லூரிப் பையன்கள்! 'மணிபால்' என்ற புகழ்பெற்ற புத்தகம் இந்தக் கதையைச் சொல்கிறது. 16-ஆவதாக நிக் ஸ்விஷர் என்ற ஹிட்டரை எடுத்தார்கள். அவர் பின்னாளில் 245 ஹோம் ரன் அடித்தார், குறை சொல்ல முடியாது. அவருக்கு அடுத்து, 17-ஆவதாக இன்னோர் அணி எடுத்தது கோல் ஹேமல்ஸ் என்ற பள்ளிப் பிட்சரை. பள்ளியில் படிக்கும்போதே மேல்கை எலும்பு முறிந்தவர் என்பதால் பல அணிகள் பயந்து விட்டுவிட்டன. அவர் 163 ஆட்டங்களில் வென்றார். ஓக்லாண்ட் 24-ஆவதாக எடுத்தது ஒரு கல்லூரிப் பிட்சரை. 25-ஆவதாகப் போனவர் மேட் கெயின், பள்ளிப் பிட்சர். 2012-இல் எதிரணியில் ஒருவரைக்கூட முதல் பேஸை, அதாவது ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய முதல் இடத்தை, எட்டவிடாமல் முழு ஆட்டத்தையும் முடித்தவர்.

ஓக்லாண்டின் கணக்கு தப்பு என்று சொல்லத் தோன்றுகிறதா? நாணயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதே 2002 பட்டியலின் தலைப்பகுதியைப் பார்ப்போம். 3, 4, 5, 6 நாலு இடங்களிலும் தொடர்ச்சியாகப் பள்ளிப் பிட்சர்கள்தான். மூன்றாவது பையன் மேஜர் லீகில் ஒரு பந்துகூட வீசவில்லை. ஐந்தாவது பையனும் அப்படியே. நாலாவதாகப் போனவர் மேலே வந்தார். முழங்கை எலும்பில் விரிசல் விழுந்தது. பந்தை விட்டு மட்டையைப் பிடித்து, ஹிட்டராக மறுபடி மேஜர் லீகுக்கு வந்தார். ஆறாவது, சாக் கிரிங்கி. 225 வெற்றி, அவர் தலைமுறையின் சிறந்த பிட்சர்களில் ஒருவர். அந்த நாலு பேருக்கும் முன்னும் பின்னும், 2-ஆவது, 7-ஆவது இடங்களில் போன இருவரும் பள்ளி ஹிட்டர்கள். இருவருமே பல ஆண்டுகள் ஆடினார்கள். ஏழாவதான பிரின்ஸ் ஃபீல்டர் 319 ஹோம் ரன் அடித்தார். முதல் ஆள் யார் என்கிறீர்களா? கல்லூரிப் பிட்சர். மேஜர் லீகில் அவருடைய மொத்த வெற்றி ஒன்று.

ஹேமல்ஸும் கெயினும் நம் நினைவில் நிற்கிறார்கள். காணாமல் போனவர்கள் நினைவில் நிற்பதில்லை. ஓர் அணியை மதிப்பிட வேண்டுமானால் காணாமல் போனவர்களையும் சேர்த்து எண்ண வேண்டும். ஒரே ஆண்டை விட்டுப் பத்து ஆண்டுகளைப் பார்க்க வேண்டும். அதே இடத்தில் மற்ற அணிகளுக்குச் சராசரியாக என்ன கிடைத்தது என்று ஒப்பிட வேண்டும். பில் ஜேம்ஸுக்குப் பிறகு வந்தவர்கள் இப்படித் திரும்ப எண்ணிப் பார்த்தபோது, கல்லூரிக்கும் பள்ளிக்கும் இடையிலான இடைவெளி வெகுவாகக் குறைந்திருந்தது. அணிகள் பாடம் படித்துவிட்டன. பள்ளிப் பையன்களில் உண்மையிலேயே தேறியவர்களை மட்டும் முன்னால் எடுக்க ஆரம்பித்துவிட்டன.

ஆனாலும் பயம் போகவில்லை. 1965 முதல் 2025 வரை ஒவ்வோர் ஆண்டும் முதல் ஆளாகப் போனவர்களின் பட்டியலில் பள்ளிப் பிட்சர்கள் மொத்தம் மூன்றே பேர். 1973-இல் டேவிட் கிளைட். பள்ளிப் படிப்பு முடிந்த 20-ஆவது நாளே அவரை மேஜர் லீக் மைதானத்தில் இறக்கிவிட்டார்கள், கூட்டம் நிரம்பி வழிந்தது, அன்றைக்கு வென்றும்விட்டார். அவர் மொத்தமாக வென்றது 18 ஆட்டம். 24 வயதில் மேஜர் லீக் கதை முடிந்தது. 1991-இல் பிரையன் டெய்லர். தோளில் அடிபட்டது, மேஜர் லீகை எட்டவே இல்லை. 2014-இல் பிரேடி எய்க்கன். எடுத்த அணியே அவருடைய முழங்கை நாரின் படத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கியது, ஒப்பந்தம் முறிந்தது. அடுத்த ஆண்டு அதே முழங்கையில் அறுவை சிகிச்சை. அவரும் மேலே வரவில்லை. அந்த இழப்புக்கு ஈடாக அணிக்கு 2015-இல் இரண்டாவது இடம் கொடுத்தார்கள். இந்த முறை அவர்கள் எடுத்தது கல்லூரி ஹிட்டர் அலெக்ஸ் பிரெக்மனை. அவர் அந்த அணியின் மூன்றாம் பேஸில் பல ஆண்டுகள் நின்றார்.

அந்த மூன்று பள்ளிப் பிட்சர்களும் இடது கைக்காரர்கள். வலது கைப் பள்ளிப் பிட்சர் ஒருவரைக்கூட இதுவரை யாரும் முதல் ஆளாக எடுத்ததில்லை. டிராஃப்ட் இப்போது ஜூலையில் நடக்கிறது. அடுத்த முறை முதல் பெயரைச் செய்தியில் பார்த்தால், அவர் பள்ளியா கல்லூரியா, பிட்சரா ஹிட்டரா, எந்தக் கை என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பத்து வருஷம் கழித்து அந்த நோட்டை எடுத்துப் பாருங்கள்.